தோட்டப்புற ஊரில் சிறு பீர் ஆலை: அடுப்புக்கு முன் குளிரைப் பாருங்கள்

பீர் காய்ச்சக் கற்றுத்தரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் குழாயைத் திறந்தால் 8, 10 டிகிரியில் தண்ணீர் வரும். மலேசியத் தோட்டப்புற ஊர்களான சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ பகாவிலோ மத்தியான வேளையில் குழாயைத் திறந்தால் 28 முதல் 30 டிகிரி. தோட்டப்புற ஊரில் சிறு பீர் ஆலை படும் பாட்டில் பாதிக்கு இந்த 20 டிகிரிதான் வேர். மால்ட் (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) ஊறிக் கொதித்த சாறு சீக்கிரம் ஆறாது. ஈஸ்ட் சூட்டில் தறிகெட்டு ஓடும். மால்ட் மூட்டையில் வண்டு விழும். நன்றாக வந்த பீரும் கடை வாசல் வெயிலில் ஒரே வாரத்தில் கெட்டுப்போகும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பளபளக்கும் காய்ச்சும் கலத்துக்கு முதலில் பணத்தைக் கொட்டுகிறார்கள். மிச்சத்தில்தான் குளிரூட்டியும் வடிகாலும் வாங்கப் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் ஒரு தடவைக்கு 500 லிட்டர் காய்ச்சும் ஆலைக்கானவை. சிறு ஆலைக்கு அது கையாளக்கூடிய அளவு.

தாள் வேலை முடியும்வரை தொட்டி வாங்காதீர்கள்

தீபகற்ப மலேசியாவில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம். விற்பதற்கில்லை, வீட்டில் குடிக்கத்தான் என்றாலும் குற்றமே. 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் தருவது அரச மலேசியச் சுங்கத்துறை. விண்ணப்பித்தால் கிடைத்தே தீரும் உரிமம் அல்ல இது. ஆகவே இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுமுன் சுங்கத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் இடம், அளவு, கட்டட வரைபடம் ஆகியவற்றைக் காட்டிப் பேசுங்கள். பூட்டக்கூடிய சரக்கறை, பிணைத்தொகை, மாதாந்தரக் கணக்கு மூன்றையும் கேட்பார்கள். அவற்றுக்கான இடமும் செலவும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும்.

அதற்கும் முந்திய படி ஊராட்சி மன்றம். கடை வரிசையில் உள்ள இடமா, இலகு தொழிற்பேட்டை இடமா என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். தொழிற்பேட்டை இடத்தையே தேடுங்கள். பள்ளிவாசல், சூராவ் (சிறு தொழுகைக்கூடம்), பள்ளிக்கூடம், கோயில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இடம் பார்க்காதீர்கள். உரிமம் மறுக்கப்படலாம் என்பது ஒரு காரணம். அக்கம்பக்கத்தார் மனம் நோகும் இடத்தில் இந்தத் தொழில் நிலைக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தீயணைப்புத் துறையின் ஒப்புதல், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, வேலையாட்களுக்கு உணவு கையாளுவோர் பயிற்சி, டைஃபாய்ட் ஊசி இவை வழக்கமானவை. பலர் மறப்பது அழுத்தக் கலன்களை. வெளிநாட்டிலிருந்து தொட்டி தருவிக்குமுன், அது அழுத்தக் கலன் வகையில் வருமா, தகுதிச் சான்றிதழ் தேவையா என்று வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். வடிவமைப்புத் தாள்கள் இல்லாமல் வந்து இறங்கிய தொட்டியைப் பிறகு தாள் செய்து சரிக்கட்டுவது பெரும்பாடு. சில்லறையாக விற்பதற்கான மதுபான உரிமம் தனி. அது உற்பத்தி உரிமத்தோடு சேர்ந்து வராது.

உரிமம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற ஆலை ஒன்றில் சில மாதம் வேலை கற்றுக்கொள்ளலாம். மூலப்பொருள் விற்பவர்கள், கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) திருப்பும் ஏற்பாடு, கடைக்காரர் கேட்கும் விலை எல்லாவற்றையும் அதற்குள் திரட்டி வைக்கலாம்.

தரையும் மின்சாரமும்

நிரம்பிய 500 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 700 கிலோ. அந்த எடை முழுவதும் நான்கு கால்களில் இறங்கும். தரைத்தளம் தவிர வேறு இடம் வேண்டாம். தரை வடிகாலை நோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். சாதாரண டைல் போட்டால் இடைச்சந்துச் சிமெண்டை அமிலமும் மால்ட் சாறும் ஓராண்டுக்குள் அரித்து, அந்தச் சந்துகளே கிருமிக்குக் குடியிருப்பாகிவிடும். பாலியுரேத்தேன் பூச்சு விலை அதிகம்தான். ஆனாலும் பிறகு தொட்டிகளைக் கழற்றி நகர்த்திவிட்டுத் தரை போடுவதைவிட அது மலிவு.

மூன்று முனை மின்சாரம் வேண்டும். 24 கிலோவாட் சூடேற்றிக்கு மட்டும் ஒரு முனைக்கு 35 ஆம்பியர் போல இழுக்கும். குளிரூட்டி, பம்பு, ஆலைக்கல் எல்லாம் அதன் மேல். மின்சார நிறுவனமான தெனாகாவிடம் இணைப்பை உயர்த்திக் கேட்க நாளாகும், ஆகவே இடம் உறுதியானதும் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். மாலை மழையோடு இடி விழும் ஊர்கள் இவை. குளிரூட்டியின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்னெழுச்சித் தடுப்பான் போடாமல் விட்டால், பலகை கருகும் அன்றுதான் தொட்டிக்குள் 500 லிட்டர் பீர் நொதித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர்

ஒரு லிட்டர் பீருக்குச் சிறு ஆலையில் 5 முதல் 7 லிட்டர் தண்ணீர் போகும், பெரும்பகுதி கழுவுவதற்கு. தண்ணீர் தடைபடும் நாளில் பாதிக் கொதிப்பில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் குறைந்தது 3,000 லிட்டர் சேமிப்புத் தொட்டி வேண்டும். அதை நிழலில் வையுங்கள்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், மால்ட் உமியிலிருந்து வரும் பீனாலோடு சேர்ந்தால் பீரில் மருந்துக்கடை வாடை வரும். மிகச் சிறிய அளவே போதும், நாக்கு பிடித்துவிடும். கரி வடிகட்டி போடுங்கள். அதோடு காய்ச்சும் தண்ணீர் 730 லிட்டருக்கு 7 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கலக்குங்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இங்குள்ள ஆற்று நீர் பெரும்பாலும் மென்னீர், கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் போதாவிட்டால் மேஷ் (வெந்நீரில் ஊறும் மால்ட் கூழ்) சரியாகத் தெளியாது, ஈஸ்டும் நன்றாக அடியில் படியாது. அதே 730 லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 100 கிராம், ஜிப்சம் 100 கிராம் என்று தொடங்குங்கள். லிட்டருக்கு 70 மில்லிகிராம் அளவில் கால்சியம் சேரும். முதலில் உங்கள் குழாய்த் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு இந்த அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள்.

குளிர்

கணக்கு இப்படி. கொதித்து முடிந்த 560 லிட்டர் சாற்றை 95 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தட்டு வகைக் குளிர்விப்பான் வழியாக ஓட்டினால் சாறு 33 டிகிரி வரைதான் இறங்கும். தண்ணீரே 28 டிகிரியில் இருக்கும்போது அதற்குக் கீழே எப்படிப் போகும்? மீதி 15 டிகிரியை இறக்க ஏறக்குறைய 9.5 கிலோவாட்-மணிக் குளிர் வேண்டும். அதை முக்கால் மணி நேரத்தில் குளிரூட்டியிலிருந்து நேரடியாக எடுக்க நினைத்தால் 12 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள இயந்திரம் வாங்க வேண்டியிருக்கும், அதுவும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேர வேலைக்காக.

அதற்குப் பதிலாக ஒரு குளிர்நீர்த் தொட்டி வையுங்கள். வெளிச்சுவருக்குக் காப்பிட்ட 800 லிட்டர் தொட்டியில் சிறு குளிரூட்டி இரவு முழுக்க ஓடித் தண்ணீரை 4 டிகிரிக்குக் கொண்டுவரட்டும். காலையில் சாற்றை இரண்டு கட்டமாக ஆற்றுங்கள். முதற்கட்டம் குழாய்த் தண்ணீர், இரண்டாம் கட்டம் அந்தக் குளிர்நீர். முதற்கட்டத்திலிருந்து சூடாக வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். அன்றைய கழுவல் வேலைக்கு அதுவே போதும்.

நொதித்தொட்டிகளைக் குளிர்விக்கும் கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) சுற்று தனி. நீரோடு 30 முதல் 35 விழுக்காடு புரொப்பிலீன் கிளைக்கால் கலந்து, மைனஸ் 3 டிகிரியில் ஓட்டுங்கள். உணவுத் தர புரொப்பிலீன்தான் வேண்டும். கார்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தொட்டியைச் சுற்றிக் கிளைக்கால் ஓடும் சட்டையில் ஊசித்துளை விழுந்து அது பீரில் கலந்தால் உயிர் போகும்.

குளிரூட்டி வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் திறனை நம்பி ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் மிதமான காற்றிலும் 10 டிகிரி நீரிலும் அளந்தது. 35 டிகிரிக் காற்றில் மைனஸ் 3 டிகிரிக்கு ஓடச் சொன்னால் திறன் வெகுவாக இறங்கிவிடும். அந்த நிலைக்கான எண்ணை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு 500 லிட்டர் தொட்டிக்கு அந்த நிலையில் 4 கிலோவாட் இருந்தால் நிம்மதி. இயந்திரத்தைத் தகரக் கூரைக்கடியில் அடைக்காமல், வெளியே காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்துங்கள்.

குழாய்களுக்கு 25 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் நுரைக் காப்பு போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் பசை வைத்து மூடுங்கள். விரல் நுழையும் அளவு சந்து ஒன்றை விட்டுவிட்டால் போதும். பத்தே நிமிடத்தில் அந்த இடம் வியர்க்கும், சொட்டும். ஒரு மாதத்தில் காப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சை பிடித்து, ரப்பர் நனைந்த துணிபோல் கையோடு வரும்.

இவ்வளவு குளிருக்குப் பணமில்லை என்றால் கிவைக் என்ற நார்வே நாட்டு ஈஸ்டைப் பாருங்கள். 30 முதல் 37 டிகிரியில் கெட்ட வாடையில்லாமல் நொதிக்கும், மூன்று நான்கு நாளில் வேலையை முடிக்கும். நம் ஊர் வெயிலுக்கென்றே அமைந்ததுபோன்ற ஈஸ்ட் அது. ஆனால் நொதித்து முடிந்த பீரைத் தெளியவைக்கவும் வாயு ஏற்றவும் குளிர் எப்படியும் வேண்டும். ஆகவே குளிரூட்டியின் அளவைத்தான் அது குறைக்கும், குளிரூட்டியையே இல்லாமலாக்காது.

மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்

வாற்கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. மால்ட் 25 கிலோ மூட்டையாக இறக்குமதியாகிறது. மூட்டைக்குள் ஈரப்பதம் 4, 5 விழுக்காடுதான். பிரித்துத் திறந்து வைத்தால் நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பதமாகிவிடும், பின்னாலேயே வண்டு வரும். ஆறு வாரத்துக்கு மேல் சரக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். பிரித்த மூட்டையை மூடி போட்ட நீல டிரம்மில் வையுங்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ் மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில். ஈஸ்ட் 4 டிகிரியில். கூரியர் லாரியில் மூன்று நாள் வெந்து வந்த ஈஸ்ட் பொட்டலம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குளிர்ப்பெட்டியில் அனுப்பாத கடையில் வாங்காதீர்கள்.

காய்ச்சும் நாள்

தொடக்கக்காரருக்கு ஒரு பேல் ஏல் (வெளிர்நிற பீர் வகை) போதும். ஆல்கஹால் 4.5 முதல் 4.8 விழுக்காடு. அதையே பத்துத் தடவை ஒரே மாதிரி எடுத்துக் காட்டுங்கள். தம்புன் பொமேலோ, லிமாவ் கஸ்தூரி, இஞ்சி, பாண்டான் இலையெல்லாம் அதற்குப் பிறகு.

மால்ட் 110 கிலோ. அதில் 100 கிலோ பேல் மால்ட், மீதி 10 கிலோ கோதுமை மால்ட்டோ லேசாக வறுத்த மால்ட்டோ. உருளை இடைவெளி 1.1 மில்லிமீட்டர் வைத்து அரையுங்கள். மணி உடைய வேண்டும், உமி கிழியக் கூடாது. உமிதான் வடிகட்டி. அரைக்கும் இடத்தில் பறக்கும் மாவுத் தூசி தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. அங்கே சிகரெட்டும் கூடாது, வெல்டிங்கும் கூடாது.

மேஷுக்கு 330 லிட்டர் தண்ணீர். 66 டிகிரியில் மேஷ் நிற்க வேண்டுமென்றால் தண்ணீர் 71 டிகிரியில் இருக்க வேண்டும். அயல்நாட்டுக் கையேடு 72.5 அல்லது 73 என்று சொல்லும், ஏனென்றால் அவர்கள் மால்ட் 18 டிகிரியில் இருக்கிறது. உங்கள் மால்ட் 30 டிகிரியில் இருக்கிறது. கையேட்டை அப்படியே பின்பற்றினால் மேஷ் 67, 68க்கு ஏறிவிடும். நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, பீர் திகட்டும். கொட்டும்போது ஒருவர் மால்ட்டை மெதுவாகச் சரிக்க, மற்றவர் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி விழுந்தால் அதன் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே தங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து அமிலத்தன்மை (pH) அளந்து, 5.3 முதல் 5.5க்குள் இல்லையென்றால் லாக்டிக் அமிலம் சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தம் 60 நிமிடம்.

பிறகு சாற்றை வடித்து, 76 டிகிரி வெந்நீர் 400 லிட்டரை மேலே தூவிக் கழுவ வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். அவசரப்பட்டு பம்பை முழு வேகத்தில் திறந்தால் மால்ட் படுகை அடியில் ஒட்டிக்கொண்டு, சாறு வருவது நின்றுபோகும். பம்பை நிறுத்தி, அடியிலிருந்து கொஞ்சம் வெந்நீர் ஏற்றிப் படுகையைத் தூக்கிவிட்டு, பத்து நிமிடம் அடங்கவிட்டு, வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து தொடங்குங்கள். கோதுமை மால்ட் சேர்க்கும் நாட்களில் முன்கூட்டியே நெல்லுமி 4 கிலோ கலந்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. பேராக்கில் இருப்பவர்களுக்குக் கிரியான் நெல் ஆலைகள் பக்கத்தில்தான். உமியை முதலில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.

கொதிகலத்தில் 620 லிட்டர் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் மூடி திறந்த நிலையில் கொதிக்கட்டும். மூடினால் வேகவைத்த சோளத்தின் வாடை உள்ளேயே தங்கிவிடும். நுரை பொங்கும் முதல் ஐந்து நிமிடம் அங்கிருந்து நகராதீர்கள். கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 10 விழுக்காடு உள்ள ஹாப்ஸ் 450 கிராம் தொடக்கத்தில், மணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடுப்பை அணைத்த பின். சுழற்றிவிட்டு 15 நிமிடம் அடங்கவிட்டால் கசடு நடுவில் கூம்பாகச் சேரும். தெளிந்ததை மட்டும் ஆற்றித் தொட்டிக்கு அனுப்புங்கள். தண்ணீரை 1.000 என்று வைத்து அளந்தால் தொடக்க அடர்த்தி 1.046 அருகில் இருக்க வேண்டும்.

உலர் ஈஸ்ட் 325 கிராம். தொட்டிக்குப் போகும் சாற்றில் ஆக்சிஜன் சேருங்கள். இந்த ஒரு தடவைதான் பீருக்கு ஆக்சிஜன் வேண்டும். அதற்குப் பிறகு சேரும் ஒவ்வொரு துளியும் நஞ்சு மாதிரி.

நொதிக்கும் நாட்கள்

19 டிகிரியில் வையுங்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் வாயுக் குழாயைக் கிருமிநாசினி வாளியில் முக்கி வையுங்கள். இரண்டாம் நாள் அந்த வாளி சோறு கொதிப்பதுபோல் கொப்பளிக்கும். திடீரென்று அடங்கினால் நொதித்தல் நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் குழாயில் ஈஸ்ட் நுரையோ ஹாப்ஸோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழாயும் வேலை செய்யாத பாதுகாப்பு வால்வும் சேர்ந்தால் அந்தத் தொட்டி வெடிகுண்டு.

நான்காம் நாள் வாக்கில் 21 டிகிரிக்கு ஏற விடுங்கள். அடர்த்தி 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எண் காட்ட வேண்டும், 1.010க்கும் 1.012க்கும் நடுவில். அதுவும் போதாது. இரண்டு குவளை பீர் எடுங்கள். ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள், மற்றதை வெளியே விடுங்கள். ஆறியதும் இரண்டையும் மோந்து பாருங்கள். சுட்ட குவளையில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. குளிரவைத்தால் அந்த வாடை கெக்குக்குள் போனபின் வெளியே வரும். இரண்டு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். இரண்டு குவளையும் ஒன்றுபோல் மணந்த பிறகுதான் 2 டிகிரிக்கு இறக்கி, மூன்று நாள் தெளியவிட வேண்டும். அந்தக் குளிரில் 0.7 பார் அழுத்தத்தில் வாயு ஏற்றினால் பேல் ஏலுக்குப் போதும்.

கழுவுவதே தொழில்

காய்ச்சுவது வாரத்தில் ஒரு நாள், கழுவுவது எல்லா நாளும். வரிசை மாறக்கூடாது. முதலில் வெறும் தண்ணீரில் அலசல். பிறகு 2 விழுக்காடு காஸ்டிக் சோடா, 65 முதல் 70 டிகிரியில், தெளிப்புப் பந்து வழியாக 30 நிமிடம். அலசல். பால்கல்போல் படியும் வெள்ளைப் படிவத்துக்கு அமிலம் 1 விழுக்காடு, 15 நிமிடம். அலசல். தொட்டியை நிரப்புவதற்குச் சற்று முன் பெராசெட்டிக் அமிலம், 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு). அதற்குப் பிறகு தண்ணீர் விட்டு அலசக் கூடாது. குழாய்த் தண்ணீர் கிருமியில்லாதது அல்ல.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, முழங்கை வரை கையுறை, ரப்பர் காலணி இல்லாமல் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் பட்டால் எரியும் வாயு கிளம்பும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தொட்டிக்குள் கரியமிலவாயு இருக்கும்போது காஸ்டிக் ஓட்டினால் அது வாயுவை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டாக்கும். சூடான தொட்டியை மூடிவைத்துக் குளிர்ந்த தண்ணீர் விட்டாலும் அப்படியே. அரை நிமிடத்தில் தொட்டி மிதிபட்ட மைலோ டின்போல் நசுங்கிவிடும். மேல்வாயைத் திறந்துவிட்டு, வாயுவைக் காற்றால் விரட்டிய பிறகே தொடங்குங்கள்.

பீர் ஏன் புளிக்கிறது என்று தேடுகிறவர்கள் தொட்டியைத்தான் பார்ப்பார்கள். பாருங்கள், ஆனால் அடியிலுள்ள உருண்டை வால்வையும் கழற்றுங்கள். கிளாம்பை நீக்கி, உருண்டையை வெளியே இழுத்து, அதைப் பிடித்திருந்த வெள்ளை வளையத்தின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒட்டும், பழைய மோர் வாடை அடிக்கும். காஸ்டிக் எத்தனை தடவை ஓடினாலும் அந்த இடத்துக்குப் போகாது. லாக்டோபாசிலஸ் 30 டிகிரிக்கு மேல் செழிக்கும் உயிர். குளிர்நாட்டில் ஒரு மாதம் மறந்தால் வரும் சேதம் இங்கே ஒரு வாரத்தில் வந்துவிடும். தொட்டிக்குப் பட்டாம்பூச்சி வகை வால்வு வாங்குங்கள், ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் எல்லா வால்வையும் கேஸ்கெட்டையும் கையால் கழற்றிக் கழுவுங்கள்.

கழுவியது சரியா என்று அறிய ஒரு மலிவான சோதனை உண்டு. ஆற்றித் தொட்டிக்குப் போகும் சாற்றில், ஈஸ்ட் சேருமுன், கொதிக்கவைத்து ஆறிய கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து மூடி, 30 டிகிரியில் வையுங்கள். மூன்று நாள் தெளிவாகவே இருந்தால் குழாயும் குளிர்விப்பானும் சுத்தம். ஒரே நாளில் கலங்கிக் குமிழ் விட்டால் அந்தக் காய்ச்சலை நம்பாதீர்கள்.

வாயுவும் கழிவும்

500 லிட்டர் சாறு நொதிக்கும்போது ஏறக்குறைய 18 கிலோ கரியமிலவாயு வெளியேறும். அறை வெப்பத்தில் அது 10 கன மீட்டர். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படியும். தொட்டிகளைக் கண்ணாடிக் கதவு போட்ட ஏர்கான் அறையில் அடைப்பவர்கள் கட்டாயம் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வாயுக் குழாயை வெளிச்சுவருக்கு அப்பால் விடுங்கள், முழங்கால் உயரத்தில் வாயு எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பிபிஎம் எல்லை. தலைவலித்தால் வெளியே வாருங்கள். தொட்டிக்குள் தலையை நுழைப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. உள்ளே விழுந்தவரை எடுக்கப் போனவரும் சேர்ந்து இறப்பதுதான் இத்தகைய விபத்துகளில் நடப்பது.

செம்பனை ஆலைக் குட்டையின் வாடையோடு வளர்ந்தவர்களுக்குக் கழிவுநீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்ட் கசடும் வழிந்த பீரும் லோங்காங்கில் (தெருச் சாக்கடையில்) போனால் அடுத்த நாளே ஊர் மூக்கைப் பிடிக்கும், ஆற்றில் மீன் மிதக்கும். 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவு விதிகளில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு, அதாவது கழிவு தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜன் அளவுக்கு, ஏ தர எல்லை லிட்டருக்கு 20 மில்லிகிராம், பி தர எல்லை அதைவிடத் தளர்வு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறமாக இருக்கும் ஆலைக்கு ஏ தரம். பீர் ஆலைக் கழிவு ஆயிரக்கணக்கில் நிற்கும். ஆகவே கெட்டியானதை முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஈஸ்ட் கசடு டிரம்மில், ஹாப்ஸ் கசடு எருக்குழியில். நாய்க்கு ஹாப்ஸ் ஆகாது, எட்டாத இடத்தில் கொட்டுங்கள். காஸ்டிக்கும் அமிலமும் கலந்த கழுவுநீரை 2,000 லிட்டர் குழித்தொட்டியில் சேர்த்து நடுநிலைப்படுத்திய பிறகு சுத்திகரிப்புக்கு விடுங்கள். இந்த ஏற்பாட்டை இடம் பார்க்கும்போதே சுற்றுச்சூழல் துறையிடம் பேசி முடியுங்கள்.

சாறு வடித்த மால்ட் சக்கை ஒவ்வொரு முறையும் 110 கிலோவுக்கு மேல் ஈரத்தோடு சேரும். தோட்டத்திலும் தோட்டத்தை ஒட்டியும் மாடு வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்கூட்டியே பேசிவைத்து, அன்று சாயங்காலமே எடுத்துப்போகச் சொல்லுங்கள். நம் வெயிலில் மறுநாள் புளித்துவிடும், பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

வரி, கெக், ஊர்

பீருக்குக் கலால் வரி ஆல்கஹால் அளவின் மேல் விழுகிறது. 2016 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த கணக்கில் ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) இருந்தது. அதை வைத்தே பார்த்தால் 4.7 விழுக்காட்டு பீர் 500 லிட்டருக்கு 4,112 வெள்ளி வரி, 30 லிட்டர் கெக் ஒன்றுக்கு 247 வெள்ளி. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விகிதத்தைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். கடைக்காரர் 30, 60 நாள் கடன் கேட்பார், வரிக்கு அந்தச் சலுகை இல்லை. நல்ல பீர் காய்ச்சிய ஆலைகளும் மூச்சுத் திணறுவது இந்த இடைவெளியில்தான். ஆறு காய்ச்சலுக்கான வரிப்பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் ஆண்டு கெக் மட்டும். சுடவைத்துக் கிருமி நீக்காத பீரைப் போத்தலில் அடைத்தால், மளிகைக் கடைத் தட்டில் 33 டிகிரியில் அது மறுபடி நொதித்து வெடிக்கலாம். கெக்கைக் குளிர்லாரியில் கொண்டுபோய் கடையின் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும்வரை உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு கெக்கிலும் காய்ச்சல் எண், நிரப்பிய தேதி, முத்திரை. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த போலி மது குடித்துப் பலர் இறந்த பிறகு, உள்ளூர்ச் சரக்கு என்றாலே மக்கள் தயங்குகிறார்கள், நியாயமான தயக்கம். மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைப்பதில் ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாகாது. வெளியிலிருந்து மலிவு ஆல்கஹால் கலப்பதில்தான் சாவு வருகிறது. யார் கேட்டாலும் காய்ச்சல் ஏட்டைத் திறந்து காட்டக்கூடிய நிலையில் இருங்கள்.

தோட்டப்புற ஊருக்குக் குடியோடு நீண்ட கணக்கு இருக்கிறது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. மலிவுச் சாராயமான சம்சு எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஆகவே மலிவாகவும் போதை கூடுதலாகவும் விற்கும் வழியை எடுக்காதீர்கள். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது, உங்கள் பீர் ஊற்றப்படும் கடையும் அதைக் கடைப்பிடிக்கிறதா என்று நேரில் பாருங்கள். திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்தால் கொடுங்கள், பதாகையில் ஆலையின் பெயர் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேலையாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கையும் பீராகக் கொடுக்காதீர்கள்.

கடைக்கு முதல் கெக் போன நாளிலிருந்து 14 நாளுக்கு ஒருமுறை அங்குள்ள பீர்க் குழாயைக் காஸ்டிக்கில் கழுவும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் செய்யமாட்டார், குழாய் புளித்தால் பழி உங்கள் பீருக்குத்தான். போகும்போது ஒரு குவளை வாங்கி, கடைசி மிடறுவரை அங்கேயே நின்று குடித்துப் பாருங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு கெக்கையும் திறந்ததும் முதலில் மோந்து பார்த்து, அதன் எண்ணுக்கு எதிரே ஏட்டில் எழுதுங்கள்.